பழைய ஓனரின் ஸ்டிக்கர், உங்கள் பணம்

கேள்வி: ஐயா, நான் செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியை. ஆறு மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினோம். ஆர்சி எங்கள் பெயருக்கு மாறிவிட்டது. முன்கண்ணாடியில் பழைய ஓனர் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே பயன்படுத்திவருகிறோம். காசு தீரும்போதெல்லாம் யுபிஐ ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். அம்மா வீடு திருச்சி என்பதால் மாதம் இரண்டு முறை போய்வருவோம்.

இரண்டு மாதத்துக்கு முன் பழைய ஓனர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு, நாங்கள் போகவே போகாத ஒரு டோலில் பணம் எடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கார் வாசலில்தான் நின்றது. போன மாதம் திருச்சி போகும் வழியில் ஒரு டோலில் 'பிளாக்லிஸ்ட்' என்று சொல்லி இரண்டு மடங்கு பணத்தை கேஷாக வாங்கிக்கொண்டார்கள். டேக்கில் அப்போது 640 ரூபாய் இருந்தது! என் கொழுந்தனார் வருடப் பாஸ் எடுத்துவிடுங்கள் என்கிறார். மாமனாரோ, டேக்கை ஒட்டவே கூடாது, சிக்னலில் வாட்சைக் காட்டிப் பணத்தை உருவிவிடுகிறார்கள், கையில் வைத்துக்கொண்டு டோலில் மட்டும் காட்டு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, செங்கல்பட்டு

வணக்கம் டீச்சர்.

நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முடிகிறது. கார் உங்களுடையது, ஆர்சி உங்களுடையது, ரீசார்ஜ் செய்கிற பணமும் உங்களுடையது. டேக் மட்டும் இன்னும் அவருடையது. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

நான் இப்போது ஒரு வங்கியில் ஃபாஸ்டேக் புகார்களைப் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன் மூன்று வருடம் ஒரு டோல்கேட் கன்ட்ரோல் ரூமில் நைட் ஷிப்ட். கவுன்டருக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தும் திட்டு வாங்கியிருக்கிறேன், இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கவுன்டரில் இருக்கும் பையனோடு சண்டை போட்டு இதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் திரும்பி வந்ததில்லை. அவன் கையில் எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டேக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பேட்டரி கிடையாது. காகிதத்துக்குள் மெல்லிய உலோகக் கோடு, அதுதான் ஆன்டெனா. அதன் நடுவில் கடுகை விடச் சின்னதாக ஒரு சிப். லேனின் மேலே தொங்கும் ரீடர் அனுப்புகிற ரேடியோ அலை படும்போது, அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு சிப் கண் விழித்துத் தன் நம்பரைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பேலன்ஸ் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ரீசார்ஜ் செய்த காசு ஸ்டிக்கருக்குள் போய் உட்காருவதில்லை. டேக் கொடுத்த வங்கியில் டேக்காரர் பெயரில் இருக்கிற வாலட்டில்தான் உட்காருகிறது.

டோலுக்கு ஒரு வங்கி, உங்களுக்கு ஒரு வங்கி, நடுவில் என்பிசிஐ, அதாவது வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம். லேனில் படித்த நம்பரும் வண்டியின் வகையும் டோலின் வங்கி வழியாக என்பிசிஐக்குப் போகும். அங்கிருந்து டேக் கொடுத்த வங்கிக்குப் போய், அது வாலட்டிலிருந்து பணத்தைக் கழித்து மெசேஜ் அனுப்பும். கவுன்டர் பையனின் திரையில் தெரிவதெல்லாம் உங்கள் நம்பர் பிளேட்டின் படம், டேக் நம்பர், வண்டி வகை, பக்கத்தில் டேக்கின் நிலை. அது சரியில்லை என்றால் பூம், அதாவது லேனின் குறுக்கே நிற்கும் தடுப்புக் கம்பு, எழாது. பின்னால் பத்து ஹாரன் அடிக்கும். ஏன் சரியில்லை என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, அவன் சூப்பர்வைசருக்கும் தெரியாது.

இனி உங்கள் 640 ரூபாய்க்கு வருவோம். பிளாக்லிஸ்ட் என்றவுடனே எல்லோரும் காசு இல்லை என்றுதான் நினைக்கிறார்கள். காசு இல்லாதது பல காரணங்களில் ஒன்று. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முடியாமல் கிடப்பது, ஆர்சி விவரமும் டேக் விவரமும் பொருந்தாதது, ஒரே வண்டிக்கு இரண்டு டேக் இருப்பது எல்லாமே காரணம்தான். ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பதை 2024இலிருந்து கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். உங்கள் காரில் ஆர்சி ஒரு பெயரிலும் டேக் இன்னொரு பெயரிலும் இருக்கிறது. ஆர்சியையும் வண்டிப் படத்தையும் ஏற்றச் சொல்லி வங்கி கேட்டிருந்தால் அந்த மெசேஜ் பழைய ஓனரின் போனுக்குத்தான் போயிருக்கும். விற்றுவிட்ட காருக்கு அவர் ஏன் மெனக்கெடப் போகிறார்?

அடுத்த முறை யுபிஐ ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டதும் அவசரப்படாமல் திரையை ஒரு நிமிடம் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் பெயர் என்று ஒன்று காட்டும். ஆறு மாதமாக அங்கே அவர் பெயர்தான் வந்திருக்கும். நீங்கள் உங்கள் டேக்கை நிரப்பவில்லை டீச்சர், அவருடைய வாலட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். வம்பு செய்கிற மனிதராக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கவே மாட்டார். அந்த வகையில் நல்லவர்தான்.

வாங்கிய இரட்டைக் கட்டணம் சரியா என்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், சரி. செல்லாத டேக்கோடு ஃபாஸ்டேக் லேனுக்குள் போனால் இரண்டு மடங்கு என்பது விதி. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலை டோல்களில் எல்லா லேனும் ஃபாஸ்டேக் லேன்தான் என்பதால் ஒதுங்கிப் போக வேறு லேன் கிடையாது. ஆனால் ஒரு சலுகையை நீங்கள் கேட்டிருக்கலாம். 2025 நவம்பர் 15இலிருந்து, டேக் வேலை செய்யாதவர் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும். அந்த விதி வந்தபோது கணக்கு இதுதான்: டேக்கில் 100 ரூபாய் போகிற இடத்தில் யுபிஐயில் 125, கேஷில் 200. பையன் கேஷ் என்றுதான் கையை நீட்டுவான், க்யூஆர் கோடு எங்கே என்று நாம்தான் கேட்க வேண்டும். உங்கள் மாமனார் தலைமுறைக்கு நோட்டுதான் நம்பிக்கை. டோலில் மட்டும் நோட்டுக்கு மதிப்பு பாதி.

இதற்கு நேரெதிரான ஒரு விதியும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. உங்கள் டேக் செல்லுபடியாக இருந்து, பணமும் இருந்து, அவர்களுடைய ரீடரோ சர்வரோ பழுதாகிக் கழிக்க முடியாமல் போனால், கட்டணமே வாங்காமல் அனுப்ப வேண்டும். சைபர் ரூபாய் ரசீதும் கொடுக்க வேண்டும். 2018 மே மாத அறிவிக்கை அது. 'மெஷின் படிக்கவில்லை சார், கேஷ் கொடுங்க' என்றால் போனை எடுத்து டேக் ஆக்டிவ் என்பதைக் காட்டி அந்த ரசீதைக் கேட்கலாம். என்பிசிஐ தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எந்த வங்கி டேக், ஆக்டிவா இல்லையா என்று வந்துவிடும். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் இரவு டயரில் காற்று பார்ப்பது மாதிரி இதையும் ஒரு தரம் பார்த்துவிடுவது என் வழக்கம்.

முதல் நாள் இரவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டோலுக்கு நூறு மீட்டர் முன்னால் வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்கிறவர்கள் அதிகம். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் இப்போது டேக்கின் நிலை அந்த நொடியே தெரிகிறது, அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். பழைய முறையில் ஓடுகிற இடங்களில் புதிய பட்டியல் இறங்கச் சிறிது நேரம் ஆகும். 2025 பிப்ரவரி 17இல் வந்த என்பிசிஐ விதி இந்த இடத்தில்தான் பிடிக்கிறது. ரீடர் படிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாக டேக் பிளாக்லிஸ்டில் இருந்து, படித்த பின் பத்து நிமிடம் வரைக்கும் அப்படியே இருந்தால் பணம் கழியாது, பணம் கேட்டு டோல் அனுப்பிய கோரிக்கை திரும்பிவிடும். ஒரு மணி நேரம் முன்னாலேயே சரி செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதற்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய அர்த்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம் கொஞ்சம் வேறு. முதலில் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிற தேதி மெசேஜ் வந்த தேதியா, டோலைக் கடந்த தேதியா என்று பாருங்கள். சில சமயம் வெள்ளிக்கிழமை கடந்த டோலுக்கு ஞாயிற்றுக்கிழமை பணம் போகும். எனக்கு வருகிற 'கார் வீட்டில்தான் நின்றது' புகார்களில் கணிசமானவை இப்படித்தான் முடிகின்றன. ஆள் மறந்திருப்பார், சாலை மறக்காது. ஆனால் நீங்கள் அந்தப் பக்கமே போனதில்லை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் நடந்தது இதுதான்: யாரோ ஒருவரின் டேக் அங்கே படிக்கவில்லை. கவுன்டரில் இருப்பவர் அந்த வண்டியின் நம்பரைக் கையால் தட்டியிருக்கிறார். 8ஐ 3 என்றோ, பியை டி என்றோ. அந்தத் தவறான நம்பர் உங்கள் காருடையது. கன்ட்ரோல் ரூமில் நான் இருந்த காலத்தில் பொங்கலுக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு, கண்ணில் தூக்கத்தோடு, நாற்பது வண்டி வரிசையில் நிற்கும்போது என் கைகளே இந்தத் தப்பைச் செய்திருக்கின்றன. இப்படித் தவறாக எடுத்தால் டோல் எடுத்து நடத்துகிறவர்களுக்கு ஒரு தவறுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அபராதம் போட்டிருக்கிறது. அப்போது அது இருந்திருந்தால் நானும் இன்னும் நிதானமாகத் தட்டியிருப்பேனோ என்னவோ.

இந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். டேக் கொடுத்த வங்கியில் புகார் பதிந்தால் அது டோலின் வங்கிக்குப் போகும். கார் வாசலில் நின்றது என்று நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டி கடந்ததற்குப் படம் காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. படத்தில் வேறு வண்டி இருந்தால் கதை முடிந்தது. 1033க்குப் போன் செய்தும் சொல்லலாம். நெடுஞ்சாலை ஆணையத்தின் எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். ஆனால் பணம் வாலட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் வங்கியில் புகார் எண் வாங்கியே ஆக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் அந்த வங்கிக்கு உங்களைத் தெரியாது. வாடிக்கையாளர் பழைய ஓனர். நீங்கள் எத்தனை முறை அழைத்தாலும் 'பதிவு செய்த மொபைல் எண்ணிலிருந்து அழைக்கவும்' என்ற பதில்தான் வரும். ஆகவே வரிசை முக்கியம். அவரை அழைத்து, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் புகாரைப் பதியச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகுதான் டேக்கை மூட வேண்டும். மூடிவிட்டுப் புகார் கொடுக்கப் போனால் அவரும் அலைவார், நீங்களும் அலைவீர்கள். மூடும்போது வாலட்டில் மீதி இருக்கிற பாக்கியும், டேக் வாங்கும்போது அவர் கட்டிய டெபாசிட்டும் அவர் கணக்குக்கே போகும்.

மூடியது உறுதியானதும் பழைய ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். கிழிந்துதான் வரும். பிரித்து வேறு கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பிறகு உங்கள் ஆர்சியைக் கொடுத்து உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணில் புது டேக் வாங்குங்கள். எந்த வங்கி என்பது பெரிய விஷயமில்லை, எல்லா டேக்கும் எல்லா டோலிலும் ஓடும். ஏற்கனவே கணக்கு வைத்திருக்கிற வங்கியாக இருந்தால் புகார் என்று வரும்போது நேரில் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். என் சிபாரிசு அதுதான். வாங்கியதும் இரண்டைச் சரி பாருங்கள். டேக்கில் வண்டியின் பதிவு எண் ஏறியிருக்க வேண்டும். டேக் ஊதா நிறத்தில் இருக்க வேண்டும், கார், ஜீப், வேன் வகைக்கு அந்த நிறம். ஆரஞ்சோ பச்சையோ கைக்கு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவை சரக்கு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் உரியவை. நிறத்தைப் பார்க்காமல் வாங்கி ஒட்டிவிட்டு, ஒவ்வொரு டோலிலும் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான்கு மாதம் கழித்துத்தான் மனைவி கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

ஒட்டுவதைப் பற்றி உங்கள் மாமனாரிடம் நான் பேசினதாகச் சொல்லுங்கள். சிக்னலில் கண்ணாடி துடைக்கிற பையன் கையில் கட்டிய வாட்சைக் காட்டி ஃபாஸ்டேக்கில் பணத்தை உருவினான் என்ற வீடியோ 2022இல் சுற்றியது. அது போலி என்று என்பிசிஐயே அப்போது மறுத்தது. ஃபாஸ்டேக்கில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பணம் அனுப்பும் வழியே கிடையாது. பதிவு செய்த டோல், பதிவு செய்த வங்கி, இந்த வழியில் மட்டும்தான் பணம் நகரும். வாட்சால் நம்பரைப் படிக்கவே முடிந்தாலும் அந்த நம்பரை வைத்துக்கொண்டு அவன் யாரிடம் போய்ப் பணம் கேட்பான்?

கையில் வைத்துக்கொண்டு காட்டுவதுதான் உண்மையில் ஆபத்து. 2025 ஜூலையில், ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டுகிற டேக்குகளைப் பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்லி ஆணையம் உத்தரவு போட்டது. அப்படி உத்தரவு போடுமளவுக்கு என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒருவர் கைப்பைக்குள் மூன்று கார்களின் டேக்கை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். ஜன்னலைத் திறந்து பையோடு ஆட்டுவார். ரீடர் எதைப் படித்ததோ அதிலிருந்து பணம் போகும். வீட்டில் நிற்கிற கார் அவர் கணக்கில் டோலைக் கடந்துவிடும். பிறகு எங்களுக்கு ஒரு புகார் வரும்.

ஒட்டும் இடம் முன்கண்ணாடியின் உள்பக்கம், மேல் நடுவில், ரியர் வ்யூ கண்ணாடிக்குப் பின்னால். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். லேமினேட் செய்ய வேண்டாம். டேஷ்கேமை அதன் மேல் தொங்கவிட வேண்டாம். ஒன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் போன வருடம் கல் பட்டு உடைந்த முன்கண்ணாடியை ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். புதுக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. மறுநாள் டோலில் போய் நின்றபோதுதான் டேக் பழைய கண்ணாடியோடு குப்பைக்குப் போய்விட்டது தெரிந்தது. பையன் என்னை அடையாளம் கண்டு 'சார், நீங்களா!' என்றான். ஒன்றேகால் மடங்கு கட்டிவிட்டுப் போனேன். கண்ணாடி மாற்றினால் வங்கியில் சொல்லி மாற்று டேக் வாங்க வேண்டும்.

இப்போது கொழுந்தனார் பக்கம். அவர் சொல்வது சரிதான். நேரம்தான் தப்பு. புது டேக் கைக்கு வந்து ஆக்டிவ் ஆகும் வரை பாஸை நினைக்கவே நினைக்காதீர்கள். செல்லுபடியாகும் டேக் மேல்தான் பாஸ் ஏறும். பழைய டேக்கில் ஏற்றிவிட்டு அப்புறம் டேக்கை மாற்றப் போனால் அது தனி அலைச்சல்.

வருடப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15இல் வந்தது. வந்தபோது விலை 3,000 ரூபாய். வாங்குகிற அன்று நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா ஆப் காட்டுகிற தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஓடாத கார், ஜீப், வேனுக்கு மட்டும். ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. பயணம் என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செங்கல்பட்டிலிருந்து திருச்சி போவது ஒரு பயணம் இல்லை. ஒரு டோலைக் கடப்பது ஒரு பயணம். நுழைவில் டிக்கெட் எடுத்து வெளியேறும்போது கட்டுகிற விரைவுச்சாலைகளில் மட்டும் இரண்டும் சேர்ந்து ஒன்று.

உங்கள் வழியை எண்ணிப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருச்சிக்கு பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு. நீங்கள் செங்கல்பட்டு ஊருக்குள்ளிருந்து கிளம்புவதால் பரனூர் உங்களுக்குப் பின்னால், சென்னைப் பக்கம் நின்றுவிடும். மிச்சம் ஐந்து. போக ஐந்து, வர ஐந்து. மாதம் இரண்டு முறை என்றால் இருபது. 200 பயணம் சரியாகப் பத்து மாதம் வரும். பத்தாவது மாதத்தில் பாஸ் தீர்ந்துவிடும், டேக் சாதாரண டேக்காக வாலட்டிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். அப்போது மறுபடி வாங்கிக்கொள்ளலாம். 3,000ஐ 200ஆல் வகுத்தால் ஒரு டோலுக்கு 15 ரூபாய். அந்த ஐந்தில் எந்த டோலும் ஒரு காருக்கு 15 ரூபாய் வாங்குவதில்லை என்பது உங்கள் பழைய மெசேஜ்களைப் பார்த்தாலே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சில இடங்களில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். பாஸ் தேசிய நெடுஞ்சாலைக்கும் தேசிய விரைவுச்சாலைக்கும் மட்டும்தான். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையும், வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் மாநிலத்தின் கையில் இருப்பவை. அங்கே வாலட்டிலிருந்துதான் பணம் போகும். ஆகவே பாஸ் இருக்கிறதே என்று வாலட்டைக் காலியாக விடாதீர்கள். வாலட்டில் இருக்கிற பணத்தைக் கொண்டு பாஸ் வாங்கவும் முடியாது, தனியாகத்தான் கட்ட வேண்டும். கட்டினால் திரும்பாது. உங்கள் கார் எண்ணோடு கட்டுண்டது, வேறு காருக்கு மாற்ற முடியாது. கட்டி இரண்டு மணி நேரத்துக்குள் மெசேஜ் வரும், அது வந்த பிறகு கிளம்புங்கள்.

எப்போதாவது ஒரு முறை போகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. 24 மணி நேரத்துக்குள் அதே டோல் வழியாகத் திரும்பினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். திரும்பி வரும்போது டேக்கில் தானாகவே பாதிதான் எடுக்கும், கேட்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு போய் ஞாயிறு திரும்புகிற உங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை எட்டாது. வீட்டில் யாராவது வேலைக்காகத் தினமும் பரனூரைத் தாண்டுகிறார்கள் என்றால் இன்னொரு வழி உண்டு. டோலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வீடு, சொந்தக் கார் என்றால் மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் உள்ளூர் பாஸ் உண்டு. மாற்றுப் பாதையோ சர்வீஸ் ரோடோ இருந்தால் மறுக்க விதியில் இடம் இருக்கிறது. டோல் அலுவலகத்தில் ஆர்சியும் முகவரிச் சான்றும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இந்த 20 கிலோமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: தினமும் 20 கிலோமீட்டர் எல்லோருக்கும் இலவசம் என்று. 2024 செப்டம்பர் விதித் திருத்தம் அதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திய வண்டிக்குத்தான் கொடுத்தது. ஃபாஸ்டேக்குக்கு இல்லை. மூன்று நிமிடம் வரிசையில் நின்றால் காசு கொடுக்க வேண்டாம் என்பதும் அதே வகை. அதை நம்பி வாதாடுகிறவரால்தான் மூன்று நிமிட வரிசை பத்து நிமிடம் ஆகிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பூமே இல்லாத டோல் வரத் தொடங்கியிருக்கிறது. குஜராத்தில் சோர்யாசி டோலைத்தான் முதலில் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டி வேகம் குறையாமல் போகும். மேலே இருக்கும் ரீடர் டேக்கைப் படிக்கும், கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். டேக் செல்லாது என்றால் அங்கே நிறுத்திக் கேட்க ஆள் கிடையாது, ஆர்சியில் இருக்கிற ஓனருக்கு நோட்டீஸ் போகும். 2026 ஜனவரித் திருத்தப்படி, கட்டாத டோல் பாக்கி இருந்தால் வண்டியை விற்க என்ஓசி (தடையில்லாச் சான்று) கிடைக்காது. அந்த நோட்டீஸ் எந்தப் போனுக்குப் போகும் என்று யோசித்தீர்களா? பெயர் மாற்றும்போது ஆர்டிஓ வேலையைப் புரோக்கரிடம் விட்டிருந்தால் அவர் தன் எண்ணையே போட்டிருக்க வாய்ப்புண்டு. வண்டிப் பதிவுக்கான அரசின் பரிவாகன் தளத்தில் உங்கள் காருக்கு எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பார்த்து, உங்களுடையதாக மாற்றிவிடுங்கள்.

அந்த 640 ரூபாயைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். டேக்கை மூடும்போது வருகிற தொகையில் டெபாசிட் அவருடையது, அதைத் தொடாதீர்கள். பாக்கியும், புகாரில் திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பணமும் உங்களுடையது. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆறு மாத ரீசார்ஜும் தேதியோடு இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது அவருக்கும் பழக்கமானதுதானே.